வண்டிச் சில்லில் 24 மெழுகுதிரிகள்

டிசம்பரில் கம்பஸ் ஒளிவிழாக்களில் மேடை ஓரமாக ஒரு பச்சை வளையம் வைத்திருப்பார்கள். அதில் நான்கு மெழுகுதிரிகள். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுக்கும் ஒவ்வொன்றாக ஏற்றுவதற்கு. திருவருகை வளையம் என்று பெயர். எங்களில் கோயிலுக்குப் போய் வளர்ந்த ஆட்களைக் கேட்டால்கூட, அது இயேசு காலத்திலிருந்தே இருக்கிற சாமான் மாதிரித்தான் பதில் வரும். உண்மையில் அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. முதல் வளையம் தொங்கியது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்கு வெளியே, தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கிய ஒரு வீட்டில். செய்யப்பட்டது பழைய வண்டிச் சில்லில்.

அந்தச் சில்லின் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, அதைவிடச் சிக்கலான ஒரு கதைக்கு வருகிறோம். லூதரன் திருச்சபை வீடற்றவர்களைப் பராமரிப்பதில் மிக நீண்ட அனுபவம் உள்ள சபை. ஆனால் பராமரிப்பது வேறு, தன் மேசையில் இடம் கொடுப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

1808 இல் ஹம்பேர்க்கில் பிறந்தவர் யொஹான் ஹின்ரிக் விச்செர்ன். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பதினைந்து வயதில் தகப்பன் இறந்துபோக, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பிறகு இறையியல் படித்து ஊர் திரும்பினபோது அவருக்குச் சபை கிடைக்கவில்லை. கிடைத்தது சென் ஜோர்ஜ் என்ற புறநகரில் ஞாயிறு பாடசாலை வேலை. ஞாயிறு பாடசாலை என்றவுடன் எங்களுக்கு வேத வசனமும் இனிப்பும்தான் ஞாபகம் வரும். அங்கே அது, கிழமை நாட்களில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிற இடம். பிள்ளைகள் வராத நாட்களில் விச்செர்ன் அவர்களின் வீடுகளைத் தேடிப் போனார். துறைமுக நகரத்தின் ஒடுங்கிய ஒழுங்கைகள், ஒரே அறையில் பல குடும்பங்கள், ஈரச் சுவர், படுக்க வைக்கோல். பார்த்ததையெல்லாம் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் இன்றைக்கும் ஹம்பேர்க்கின் வறுமை பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு மூலாதாரம்.

அந்தக் காலத்தில் தெருவில் திரிகிற பிள்ளைக்கு அரசிடம் இருந்த பதில் பெரும்பாலும் பொலிஸும் சிறையும்தான். இது ஜேர்மனிக்கு மட்டும் உரிய பதிலில்லை. பிரித்தானியர் 1841 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இதே மூளையிலிருந்து வந்ததுதான்: வீடும் வேலையும் இல்லாமல் வெளியில் நிற்பதே குற்றம். அந்தச் சட்டம் எங்கள் காலம் வரைக்கும் யார் மேல் பாய்ந்தது என்று திருநர் தோழர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் கேட்டால் சொல்லுவார்கள்.

விச்செர்ன் வேறு வழி யோசித்தார். கார்ல் சீவெகிங் என்ற நகர அதிகாரி, ஹோர்ன் கிராமத்தில் தனக்கிருந்த ஒரு சின்ன வைக்கோல் கூரை வீட்டைக் காணியோடு கொடுத்தார். அந்த வீட்டின் பெயர் ரௌஹெஸ் ஹவுஸ். நேரடியாகச் சொன்னால் கரடுமுரடான வீடு. இந்தப் பெயர் விச்செர்ன் வைத்ததில்லை, முன்பே இருந்தது. 1833 ஒக்டோபர் 31 அன்று, இருபத்தைந்து வயதில், தாயையும் சகோதரியையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோனார். அந்த வருட முடிவுக்குள் பன்னிரண்டு பெடியள் வந்துவிட்டார்கள். களவெடுத்தவர்கள், பிச்சையெடுத்தவர்கள், தகப்பன் பெயர் தெரியாதவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் செய்தது அந்தக் காலத்துக்கு மிகப் புதிது. அநாதை இல்லம் என்றால் பெரிய மண்டபம், வரிசைக் கட்டில், மணி அடித்தால் சாப்பாடு. ரௌஹெஸ் ஹவுஸில் மதில் இல்லை, கம்பி இல்லை. வருகிற பிள்ளைக்கு முதலில் சொல்லப்பட்டது, இதுவரை நடந்தது எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது, அதைப் பற்றி இனி இங்கே யாரும் கதைக்கமாட்டார்கள் என்பது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு 'குடும்பம்'. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்ன வீடு, அவர்களோடேயே படுத்தெழும்புகிற ஒரு 'சகோதரன்'. முதல் வீட்டில் இடம் போதாமல் வந்தபோது இரண்டாவது வீட்டைப் பெடியள் தாங்களே நின்று கட்டினார்கள். 1835 இலிருந்து பெண் பிள்ளைகளையும் எடுத்தார்கள். தச்சு, தையல், சப்பாத்துத் தைத்தல், தோட்டம், பிறகு அச்சகம். குடும்பமுறைப் பராமரிப்பு என்று இன்றைக்குச் சிறுவர் இல்லங்களின் கையேடுகளில் இருக்கிற சொல்லுக்கு இது ஒரு முன்னோடி.

சரி, சில்லுக்கு வருவோம். பிள்ளைகள் என்றால் எங்கேயும் ஒன்றுதான். டிசம்பர் தொடங்கினவுடன் நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரிப்பு. 1839 இல் விச்செர்ன் ஒரு மர வண்டிச் சில்லை எடுத்து, அதில் நான்கு பெரிய வெள்ளைத் திரிகளும் இருபது சின்னச் சிவப்புத் திரிகளும் குத்தி, செப மண்டபத்தின் கூரையில் தொங்கவிட்டார். ஞாயிறுகளுக்குப் பெரியது, மற்ற நாட்களுக்குச் சின்னது. நாளுக்கு ஒன்று ஏற்றி, ஒரு வசனம் வாசித்து, பாட்டுப் பாடுவார்கள். நாங்கள் நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1839 இல் டிசம்பர் முதலாம் திகதியே ஞாயிறு. அன்றிலிருந்து நத்தாருக்கு முந்தின நாள் வரை நான்கு ஞாயிறுகளும் இருபது மற்ற நாட்களும், மொத்தம் 24. கணக்குச் சரி. முதல் ஞாயிறு வருடத்துக்கு வருடம் மாறுவதால் சின்னத் திரிகளின் எண்ணிக்கையும் 18க்கும் 24க்கும் நடுவில் மாறும். இவ்வளவு திரிக்கு எல்லா வீட்டிலும் வசதியில்லாததால்தான் பிறகு நாலாகச் சுருங்கியது. பச்சைக் கிளைகள் சுற்றுவது சுமார் 1860 இல் வந்தது. கத்தோலிக்கர்கள் எடுத்துக்கொண்டதோ 1920களுக்குப் பிறகு.

வீடில்லாத பிள்ளைக்கு நாள் என்பது எண்ணுகிற சாமானே இல்லை. இன்றைக்குச் சாப்பாடு, இன்றைக்குப் படுக்க இடம், அவ்வளவுதான். இன்னும் பன்னிரண்டு நாளில் ஒன்று வரும், அது கட்டாயம் வரும், அப்போதும் நீ இங்கேதான் இருப்பாய் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடிவது பெரிய விசயம். சில்லின் அர்த்தம் எங்களுக்கு அங்கேதான் பிடிபடுகிறது. இறையியல் விளக்கம் எல்லாம் பிறகு வந்து ஒட்டியது.

இதோடு நிறுத்தினால் விச்செர்ன் ஒரு நல்ல மனிதர் என்ற கதையாகிப் போகும். ஆனால் மனிதர் அவ்வளவு லேசில்லை. 1848 தொடக்கத்தில் மார்க்சும் எங்கெல்சும் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். ஐரோப்பா முழுக்கப் புரட்சி. அதே வருடம் செப்டெம்பரில் லூதரின் ஊரான விற்றன்பேர்க்கில் கூடிய திருச்சபை மாநாட்டில் விச்செர்ன் எழும்பி நீண்ட உரை ஆற்றினார். ஏழைகளைக் கைவிட்ட திருச்சபை தன் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், அன்பும் விசுவாசத்தைப் போலவே தனக்குரியது என்று காட்ட வேண்டும் என்றார். ஜேர்மன் புரட்டஸ்தாந்து சபைகளின் சமூகப் பணி அமைப்பு, இன்றைய டியாக்கோனி, அந்த உரையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் வறுமைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் அவர் கூலியையோ வாடகையையோ முதலில் காட்டவில்லை. கடவுளை மறந்ததுதான் காரணம், குடும்பம் சீரழிந்ததுதான் காரணம் என்றார். புரட்சி அவருக்குப் பாவம்.

பிறகு பிரஷ்ய அரசு அவரைச் சிறைச் சீர்திருத்தத்துக்குக் கூப்பிட்டது. 1856 இலிருந்து பேர்லினின் மோவாபிற் சிறையில் ரௌஹெஸ் ஹவுஸ் சகோதரர்கள் காவலர்களாக நின்றார்கள். அது தனிமைச் சிறை. ஒரு கைதி இன்னொரு கைதியோடு கதைக்கக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. தனிமையில் மனச்சாட்சி விழிக்கும் என்பது நம்பிக்கை. லிபரல் அரசியல்வாதிகளும் சட்ட அறிஞர்களும் அப்போதே எதிர்த்தார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்த அதே ஆள், பெரியவர்களை ஆளுக்கொரு பெட்டியில் அடைக்கும் முறைக்குத் துணை நின்றார். இரண்டையும் அவர் அன்பு என்றே நம்பினார் என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. பராமரிக்கிறவர் மட்டுமே விதியை எழுதுகிற இடத்தில் இப்படி நடக்க வழி இருக்கிறது.

ரௌஹெஸ் ஹவுஸ் திறந்த அதே 1833 இல், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. லூதரன் வரலாற்றில் எங்களுக்கு நேரடித் தொடர்புள்ள பக்கம் இதுதான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் நடத்திய ஹாலே நகரத்துப் பிராங்கேயின் நிறுவனங்கள்தான், 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க்குக்கும் பின்னால் நின்றன. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட மிஷனும், வீடற்ற பிள்ளைகளைப் பராமரித்த அந்த ஜேர்மன் மரபும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தரங்கம்பாடியிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது, சாப்பாடும் கொடுத்தார்கள். ஆனால் கோயிலுக்குள் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம். திருவிருந்துக்கு யார் முதலில் போவது என்பதிலும் சாதி.

தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகள் பிறகு ஆங்கிலிக்கன் கைக்குப் போயின. கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். சாதி வித்தியாசம் கோயிலுக்குள் உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும். ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் பெருமளவில் வெளிநடப்புச் செய்தார்கள். எங்கள் பெரியவர்கள் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் நின்றதும் அவர்கள் பக்கம்தான். சாதியைத் திருத்தப் போவது பைத்தியக்காரத்தனம் என்ற கருத்தில் 1829 இலேயே எழுதியவர் அவர். வெளியேறியவர்களில் பலருக்குப் பின்னாளில் வாசல் திறந்துவிட்டது யார்? லைப்சிக் லூதரன் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரவுல் நல்ல தமிழறிஞர், குறளை ஜேர்மனுக்குக் கொண்டுபோனவர். சாதி என்பது சமூக வழக்கம், காலப்போக்கில் தானாகக் கரையட்டும், சபை அதை வற்புறுத்தி உடைக்கத் தேவையில்லை என்பது அவருடைய வாதம். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளின் சமையலறைக் கதைகள் தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானதாகவே இருக்கும். 'காலப்போக்கில்' என்ற சொல்லை யார் சொல்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

ஜேர்மனியில் கதை இதற்குள் பெரிதாகியிருந்தது. 1854 இல் பொன் நகரில், ஊர் ஊராக வேலை தேடி நடக்கும் கைவினைஞர்களுக்கென்று ஒரு கிறிஸ்தவத் தங்கும் விடுதி வந்தது. அதைப் பார்த்து நாடு முழுக்க வந்தன. 1882 இல் போடெல்ஷ்விங் என்ற பாதிரியார், வேலையும் வீடும் இல்லாமல் அலைந்தவர்களுக்கு ஒரு வேலைக் குடியிருப்பைத் தொடங்கினார். தர்மத்துக்குப் பதிலாக வேலை என்பது அதன் கொள்கை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வேலை செய்ய முடியாதவன், செய்ய விரும்பாதவன் என்ற கேள்வி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. 1931 இல், ஹிட்லர் வருவதற்கு முன்னமே, இதே சமூகப் பணி அமைப்பின் ஆட்கள் திரெய்சா என்ற ஊரில் கூடி, 'பரம்பரைக் குறை' உள்ளவர்களை மலடாக்குவதைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டார்கள். 1938 இல் நாஸிகள் வீடற்றவர்களையும் வேலையற்றவர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து வதைமுகாம்களில் போட்டார்கள். அவர்கள் சட்டையில் கறுப்பு முக்கோணம். தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம். வீடில்லாதவரும் குயர் மனிதரும் ஒரே முகாமில், இரண்டு நிறத் துணித் துண்டோடு. 'நாங்கள் பராமரிப்போம்' என்று நூறு வருடமாகச் சொல்லிவந்த சபை பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

அந்த இரண்டு ஆட்களும் திரும்பவும் ஒரே வாசலில் சந்திப்பது இன்னொரு கண்டத்தில், எயிட்ஸ் காலத்துச் சான் பிரான்சிஸ்கோவில். அமெரிக்காவில் தெருவில் படுக்கிற இளைஞர்களில் குயர் பிள்ளைகளின் பங்கு, சனத்தொகையில் அவர்களின் பங்கைவிட மிக அதிகம். காரணம் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை, பல வேளை வீட்டாரே வெளியில் விட்டுவிடுகிறார்கள், பல வேளை கடவுளின் பெயரால். ஆகவே அங்கே எல்லாரையும் ஏற்கும் சபையாக இருப்பதும் வீடற்றவர்களைக் கவனிப்பதும் இரண்டு வேலைத்திட்டங்கள் இல்லை. வாசலில் நிற்கிறவர் ஒரே ஆள்.

அமெரிக்காவின் பெரிய லூதரன் சபை 1988 இல் மூன்று சபைகள் இணைந்து உருவானது. விதி இதுதான்: தன்பாலீர்ப்பு உள்ளவர் ஊழியராகலாம், ஆனால் துணை இல்லாமல் வாழ வேண்டும். 1990 ஜனவரி 20 அன்று சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு சிறிய சபைகள் அந்த விதியை மீறின. சென் பிரான்சிஸ் சபை, துணைவியராக வாழ்ந்த ரூத் ஃப்ரொஸ்ற், ஃபிலிஸ் சில்ஹார்ட் இருவரையும், பெர்ஸ்ற் யுனைற்றட் சபை ஜெஃப் ஜோன்சனையும் போதகர்களாக அபிஷேகம் செய்தன. நடந்த இடம் சென் போலஸ் லூதரன் ஆலயம். எயிட்ஸால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நகரத்தில், படுக்கைக்குப் பக்கத்தில் போய் நிற்க எங்களுக்கு ஆட்கள் வேண்டும் என்பது அவர்களின் நியாயம். திருச்சபை நீதிமன்றம் இரண்டு சபைகளையும் ஐந்து வருடம் இடைநிறுத்தி, அதற்குள் மாறாவிட்டால் நீக்கம் என்று தீர்த்தது. அவர்கள் மாறவில்லை. 1995 முடிவோடு வெளியே. அந்த டிசம்பரின் திருவருகை ஞாயிறுகள், தாய்ச் சபைக்குள் அவர்கள் திரி ஏற்றிய கடைசி ஞாயிறுகளில் அடங்கும்.

அமெரிக்க லூதரன்கள் திருவருகைக்கு நீலத் துணி விரிப்பார்கள். ஊதா தவத்துக்கு, நீலம் காத்திருப்புக்கு என்பது விளக்கம். வாசிப்புகளும் அப்படித்தான்: விழித்திரு என்ற எச்சரிக்கை, பாலைவனத்தில் யோவானின் சத்தம், கடைசியில் திருமணத்துக்கு முன் கர்ப்பமான ஒரு ஏழைப் பெண்ணின் பாட்டு. மரியாளின் அந்தப் பாட்டுக்கு லூதரே 1521 இல் விளக்கவுரை எழுதினார். பணக்காரர் வெறுங்கையாய் அனுப்பப்படுவார்கள் என்று சொல்லும் பாட்டை, சபையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

2009 ஓகஸ்டில் மினியாபொலிஸ் மாநாட்டில் 559 வாக்குகளுக்கு எதிர் 451 என்று விதி மாறியது. மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே நகரத்தில் ஒரு சூறாவளி அடித்து, பக்கத்து லூதரன் ஆலயக் கோபுரத்தின் சிலுவையைச் சரித்தது. கடவுளின் எச்சரிக்கை என்றார்கள் எதிர்த்தவர்கள். காற்று அடித்தது, வாக்கெடுப்பும் நடந்தது. அடுத்த வருடம் அந்த மூன்று போதகர்களும் முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். இருபது வருடக் காத்திருப்பு. இரண்டு சபைகளும் பிறகு தாய்ச் சபைக்குத் திரும்பின.

அபிஷேகம் நடந்த சென் போலஸ் ஆலயம் அப்போது இல்லை. மரத்தால் கட்டிய அழகான கோயில், 1995 இல், அந்தச் சபைகள் நீக்கப்பட்ட அதே வருடம், எரிந்துபோனது. வீடற்றவர்களோடு வேலை செய்துவந்த சபையே வீடற்றதாகிவிட்டது. கௌ வீதியும் எடி வீதியும் சந்திக்கும் மூலையில் காணி பல வருடம் வெறுமனே கிடந்தது. 2010 அளவில் அதில் சில ஆட்கள் மண் கொத்தி மரக்கறித் தோட்டம் போட்டார்கள். விளைந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். வந்தவர்கள் நிரையில் நின்று வாங்கிக்கொண்டு போகவும் செய்தார்கள், விரும்பினால் தாங்களும் இறங்கிப் புல் பிடுங்கினார்கள். ரௌஹெஸ் ஹவுஸின் இரண்டாவது வீட்டைப் பெடியள் கட்டியதுபோல. சில வருடங்களில் கட்டடம் எழும்ப வேண்டி வந்து தோட்டம் போய்விட்டது.

1990 இலிருந்து அமெரிக்க நகரங்களில் டிசம்பர் 21 அளவில், வருடத்தின் நீளமான இரவில், அந்த வருடம் தெருவில் இறந்தவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. கோயில்களும் சேர்ந்துகொள்ளும். திருவருகைக் காலத்தின் கடைசி நாட்கள் அவை, வளையத்தில் கிட்டத்தட்ட எல்லாத் திரியும் ஏற்றியாகிவிட்டிருக்கும். சிலருக்கு முழுப் பெயர், சிலருக்குக் கூப்பிடு பெயர் மட்டும். பெயர் தெரியாதவர்களும் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு திரி ஏற்றிவிட்டு, வாசிக்கிறவர் அடுத்த பெயருக்குப் போவார்.